காரப்பொடியும் கழிமுகமும்

சித்திரை பிறந்த கையோடு சென்னை காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாக நின்றுவிடும். மீன் முட்டையிடும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. 2001-இல் இது 45 நாளாகத் தொடங்கியது. வஞ்சிரம் விலை எகிறும். ஆனால் ராயபுரம், திருவொற்றியூர் மீனவர் வீடுகளின் சமையல் அதோடு நிற்பதில்லை. நாட்டுப்படகுகள் கரையோரம் பிடித்துவரும் பொடிமீன் உண்டு, பானையில் கருவாடு உண்டு, மாங்காய்க்கும் அதுதான் பருவம். பக்கத்தில், பருவத்தில் கிடைப்பதைச் சாப்பிடச் சொல்லி இன்று எல்லோரும் அறிவுரை தருகிறார்கள்; இந்தக் குப்பங்களில் அது பல தலைமுறைப் பழக்கம்.

கருவாட்டுக்கு வெயிலும் உப்பும் வேண்டும். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்பளங்கள் இருந்தன. இருந்தும் வெள்ளைக்காரர் ஆட்சியில் உப்புக்கு வரி. அதைக் கட்ட வழியில்லாத மீனவர்கள் உப்பைக் குறைத்தார்கள், உவர்மண்ணைக்கூடத் தடவினார்கள். கருவாடு கெட்டது. 1870-களில் இந்தியக் கடற்கரைகளின் மீன்வளத்தை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் டே இந்தக் கொடுமையை அரசுக்கு எடுத்துச் சொன்னார். பிறகு சென்னை மாகாணத்தில், வரியில்லா உப்பு கொடுத்து மீனைப் பதப்படுத்தும் அரசுக் களங்கள் வந்தன. ஏழையின் தட்டில் என்ன விழும் என்பதை அன்றும் அடுப்படி மட்டும் முடிவு செய்யவில்லை.

காரப்பொடி, நெத்திலி, கவலை எல்லாம் விலை குறைந்த மீன்கள். நெத்திலியின் தலையை நகத்தால் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும். கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி, இரண்டு மூன்று தண்ணீரில் அலசினால் வேலை முடிந்தது. புளியைக் குறைத்து மாங்காய்த் துண்டு போட்ட குழம்பு மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் ருசிக்கும். முள்ளோடு மென்று தின்பதால் சுண்ணாம்புச் சத்து நன்றாகச் சேரும். பெரிய மீன்களில் சேரும் அளவுக்குப் பாதரசமும் இவற்றில் சேர்வதில்லை. சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் பெருகும் மீன்களும் இவைதான். வஞ்சிரத்துக்கு இருக்கும் மரியாதை நெத்திலிக்கு இல்லாதது பெரிய அநியாயம்.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகம் வேறு ருசிகளைத் தந்தது: இறால், நண்டு, மடவை. சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்பது இங்கே ஒரு தொழில். 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம், 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-இல் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக வந்தன. சாம்பல் குழாய்கள் கசிந்து ஆறு தூர்ந்தது. இப்போது இறால் வாழ்ந்த தரையை, தென் அமெரிக்காவைச் சேர்ந்த காக்கா ஆழி என்ற சிப்பி கூட்டங்கூட்டமாக மூடிவருகிறது. வீட்டில் எவ்வளவு யோசித்துச் சமைத்தாலும் இந்தச் சேற்றை எந்தக் குடும்பமும் தனியாகக் கழுவ முடியாது.

கழிமுகத்தைச் சீரமைக்கச் சொல்லி 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அது மணலியின் அந்தச் சுத்திகரிப்பு ஆலைப் (சிபிசிஎல்) பக்கமிருந்து வந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. அந்த எண்ணெயை வாளியில் அள்ளியவர்கள் இதே மீனவர்கள்தான். வலையும் படகும் கறுத்துப்போயின. பிடித்த மீனையும் வாங்க ஆளில்லை.