தோள்சீலையும் ரேந்தையும்

திருச்சபைத் தமிழில் விசுவாசம் ஒரு சொல், நம்பிக்கை இன்னொரு சொல். காணாத கடவுளை ஏற்பது விசுவாசம். அந்தக் கடவுள் தரப்போகும் நாளை எதிர்பார்த்து இன்று தளராமல் நிற்பது நம்பிக்கை. பெண்களுக்கான பிரசங்கங்களில் இந்த இரண்டாம் சொல் பெரும்பாலும் பொறுமையாகச் சுருங்கிவிடுகிறது. கணவன் அடித்தாலும் பொறு, கூலி குறைந்தாலும் பொறு, கர்த்தர் பார்த்துக்கொள்வார். இந்தப் பொருளை நான் மறுக்கிறேன். அதற்கான சான்றை இறையியலில் தேடவில்லை, தென் திருவிதாங்கூரின் வரலாற்றில் தேடுகிறேன்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் லண்டன் மிஷனின் பணி அங்கே வேர்விட்டது. கிறிஸ்தவத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நாடார்கள். அக்கால ஆவணங்கள் அவர்களைச் சாணார் என்று குறிப்பிடுகின்றன. குடை பிடிக்க, செருப்பு அணிய, பொன்நகை போட அவர்களுக்குத் தடை இருந்தது. கூலியில்லா ஊழியம் செய்யவேண்டும். பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, மார்பை மறைக்கக்கூடாது. மேலே உள்ளவர் முன்னால் மார்பைத் திறந்து நிற்பதே மரியாதை என்பது அந்தச் சமூகத்தின் விதி. சாதி அடுக்கில் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பெண்ணின் உடலைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி அது அமைந்திருந்தது.

ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவரான பெண்கள் சிரியன் கிறிஸ்தவப் பெண்களையும் மாப்பிள்ளைப் பெண்களையும் போலக் குப்பாயம் அணியலாம் என்று உத்தரவு வந்தது. மிஷனரிகளின் மனைவிமார் தளர்வான குப்பாயம் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை இது நாகரிகம், அடக்கம் பற்றிய விஷயம். மார்பு மறைந்தால் போதும்.

பெண்களுக்கு அது போதவில்லை. குப்பாயத்தின் மேல் அவர்கள் தோள்சீலையையும் போட்டார்கள். உயர்சாதிப் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த அந்தச் சீலையைப் போடும்படி எந்த மிஷனரியும் அவர்களுக்குச் சொல்லவில்லை. கடவுளின் முன் எல்லாரும் சமம் என்று ஞாயிற்றுக்கிழமை கேட்ட செய்தியைத் திங்கட்கிழமை சந்தைக்கு எடுத்துப்போனவர்கள் அவர்கள்தான். மிஷன் வரலாறுகள் இந்தப் போராட்டத்தை மிஷனரிகளின் சாதனையாகவே எழுதுகின்றன. ஆனால் கலகம் மூண்டது அந்தச் சீலையால். அதை எடுத்துப் போட்டது பெண்களின் சொந்த முடிவு.

1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் பொது இடங்களிலேயே பெண்களின் மேலாடைகள் கிழிக்கப்பட்டன. 1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் குப்பாயம் அணிவதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறுபடி கலகம். 1829இல் வந்த அரசு அறிவிப்பு குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடைசெய்தது. பெண்கள் விடவில்லை. 1858இன் இறுதியிலும் 1859இன் தொடக்கத்திலும் வன்முறை மீண்டும் வெடித்தது. ஜெபக்கூடங்களும் பள்ளிக்கூடங்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கடி கொடுத்தபின், 1859 ஜூலை 26 அன்று புதிய அறிவிப்பு வந்தது. 1822லிருந்து எண்ணினால் 37 ஆண்டுகள். சிறுமியாகத் தோள்சீலை போடத் தொடங்கியவள் பேரக்குழந்தைகளைப் பார்த்திருக்கக்கூடிய காலம். இடைப்பட்ட நாட்களில் சந்தைக்குப் புறப்படும்போதெல்லாம், இன்று இதைப் போட்டுக்கொண்டு போவதா வேண்டாமா என்று அவள் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

இதே ஊர்களில் நம்பிக்கைக்கு அமைதியான இன்னொரு வடிவமும் இருந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு விடுதிப்பள்ளி நடத்தினார். அங்கே எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார்கள். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளைத் தலையணை மேல் மாற்றி மாற்றிப் போட்டு, ஊசிகளைச் சுற்றிப் பூவேலை பின்னும் ஐரோப்பியக் கைத்தொழில் அது. திருவிதாங்கூரில் 1855 வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது. பள்ளிச் சிறுமிகளில் சிலர் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ரேந்தை விற்ற காசைச் சேர்த்து, உடைமைக்காரனுக்கு விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அவர்களில் உண்டு. மீட்பு என்ற சொல்லைத் திருச்சபை ஆன்மாவுக்குப் பயன்படுத்துகிறது. இந்தச் சிறுமிகளுக்கு அந்தச் சொல்லில் ஒரு விலை இருந்தது, ஒரு கைவேலை இருந்தது, கடைசியில் ஓர் உடலின் விடுதலையும் இருந்தது.

இந்த வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் வாசிக்க எனக்கு மனமில்லை. 1859 அறிவிப்பு முரட்டுத் துணியை முக்குவப் பெண்களைப் போலக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம் என்றது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. வேலியைத் தள்ளி வைத்தார்கள், பிடுங்கவில்லை. அந்த அறிவிப்பு பெயர்சொல்லிக் குறித்தது சாணார் பெண்களை. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த புலையர், பறையர் பெண்களைப் பற்றி அதில் பேச்சில்லை. சபைக்குள்ளேயும் சாதி தங்கிவிட்டது. மிஷனரிகளின் பெயர்களும் திவான்களின் பெயர்களும் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. சீலை கிழிக்கப்பட்டவர்களின் பெயர்கள் அரிதாகவே கிடைக்கின்றன.

ஆனாலும் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது தெரியும். கிழிந்த சீலைக்குப் பதில் இன்னொன்றை எடுத்துப் போட்டார்கள். எரிந்த பள்ளி இருந்த ஊரில் பிள்ளையைத் திரும்பவும் படிக்க அனுப்பினார்கள். பின்னிய ரேந்தையின் காசை எண்ணி வைத்தார்கள். சட்டம் எதிராக இருந்தபோதும் பாதி ஆதரவாக இருந்தபோதும் அவர்கள் செய்ததில் பெரிய மாற்றமில்லை. நிலைத்த நம்பிக்கை என்று எதையாவது சொல்லவேண்டுமென்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

பொறுத்துக்கொள் என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லும்போது அதை நம்பிக்கை என்ற பெயரில் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லுக்கு நாஞ்சில் நாட்டுப் பெண்கள் வேறு பொருள் கொடுத்துப் போயிருக்கிறார்கள்.