நட்சத்திரம் பிறக்காத கேலக்ஸிகள்

நம் பால்வெளி போன்ற கேலக்ஸியில் குளிர்ந்த வாயு மேகங்கள் சுருங்கியே புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன. கேலக்ஸிகள் நூற்றுக்கணக்கில் நெருங்கிக் கூடியிருக்கும் கொத்துகளிலோ, பெரும்பாலானவற்றில் இப்பிறப்பு நின்றுவிட்டது. ஏன்?

கொத்தின் இடைவெளியெங்கும் கோடிக்கணக்கான டிகிரி சூடான வாயு நிறைந்துள்ளது. அதற்குள் பாயும் கேலக்ஸியின் குளிர்ந்த வாயுவை, பைக்கில் போகிறவரின் தொப்பியை எதிர்க்காற்று பறிப்பதுபோல, அது உரித்தெடுக்கிறது. 1972-ல் கன், காட் ஆகிய இருவர் இதை விளக்கினர். வெளியிலிருந்து புது வாயு வந்து சேர்வதும் அங்கே தடைபடுகிறது. இருப்பு தீர்ந்ததும் நீல நிற இளம் நட்சத்திரங்கள் மடிந்து, சிவந்த முதியவையே மிஞ்சுகின்றன.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி இத்தகைய ஒன்றைப் படம் பிடித்தது. ஏபெல் 85 கொத்துக்குள் ஜேஓ201 என்ற கேலக்ஸி நொடிக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விழுகிறது. உரிந்த வாயு ஜெல்லிமீனின் கரங்களாய் நீள்கிறது. அந்த வாலிலும் சில நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைச் சிறு மேகமாக கி.பி. 964 வாக்கில் பதிவு செய்தவர் வானியலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. வானங்களின் படைப்பைச் சிந்திக்கச் சொல்கிறது திருக்குர்ஆன். கண்டுபிடிப்புக்கெல்லாம் அவசரமாக வசனம் தேடாமல், அவரைப் போல் பார்த்து எழுதுவதும் அந்தச் சிந்தனையே.