கூலியும் காற்றும்: றொக் ஸ்பிறிங்ஸ் நகரின் குடிபெயர்வு வரலாறு – ஒரு நோக்கு

பிழைப்புத் தேடிப் புறப்படும் மனிதன் முன் எக்காலத்தும் எழும் வினா ஒன்றுண்டு. கூடிய கூலி தரும் ஊர் தொலைவிலுள்ளது, அங்கு உறவினரில்லை, நிழல் தரும் மரமுமில்லை, ஆண்டின் பெரும்பகுதி காற்று வீசிக்கொண்டே இருக்கின்றது. போவதா, இருப்பதா? இதனைத் தனிமனிதனின் துணிவு பற்றிய வினாவாகவே பலரும் கருதுவர். பொருளியலாளரிற் சிலர், இரு இடங்களின் கூலி வேறுபாட்டைக் கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும் என்பர். இவ்விரு கருத்துக்களும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நோக்குவதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலுள்ள வயோமிங் மாநிலத்து றொக் ஸ்பிறிங்ஸ் நகர் ஏற்றதோர் உதாரணமாகும். சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் ஆள் தேடி நூறாண்டுகளுக்கு மேலாகத் தொலைதூர மக்களை அழைத்த நகர் அது. அங்கு வந்தோர் எத்தகைய நிலைமைகளில் முடிவெடுத்தனர், அம்முடிவு எந்தளவுக்கு அவர்களுடையதாக இருந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நிலமும் காற்றும்

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியை வடக்குத் தெற்காகப் பிரித்து நிற்கும் றொக்கி மலைத்தொடர், தென் வயோமிங்கில் தாழ்ந்து அகன்றதோர் இடைவெளியைக் கொண்டுள்ளது. கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் புகையிரதப் பாதையை அமைத்த யூனியன் பசுபிக் கம்பனி இவ்விடைவெளியையே தெரிவு செய்தது. உயர்ந்த சிகரங்களைக் குடையாமல் பாதை போட இங்கு முடிந்தது. இருப்புப்பாதைக்கு அண்மையிலேயே நிலக்கரியும் கிடைத்தது. ஆனால் புகையிரதத்துக்கு வழிவிட்ட அதே இடைவெளிதான் மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் வழிவிட்டது. இருபுறத்து மலைகளாலும் நெருக்கப்பட்ட காற்று அவ்விடைவெளியினூடாக வேகங்கொண்டு பாய்கின்றது. மாரியில் விழும் பனி விழுந்த இடத்திற் கிடப்பதில்லை. காற்றோடு ஓடி, இருப்புப்பாதையிலும் வீதியிலும் மேடாகக் குவிகின்றது. பிற்காலத்தில், 1970 இல், தென் வயோமிங்கில் மாநிலங்களுக்கிடையிலான 80 ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஒரு பகுதி திறக்கப்பட்டபோது, அதனை மாரியில் மூடவேண்டிய நிலை அடிக்கடி ஏற்பட்டது. நெடுந்தூரத்துக்குப் பனித்தடுப்பு வேலிகள் அமைக்கப்பட்டதும் இதன் காரணமாகவே.

எனவே இந்நகரின் காற்றும் அதன் வேலைவாய்ப்பும் ஒரே நிலவமைப்பின் இரு விளைவுகள் எனலாம். ஒன்றை ஏற்பவர் மற்றதையும் ஏற்றே ஆகவேண்டும். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மழை குறைந்த வெளியில், கசப்பு ஓடை என்று பொருள்படும் பெயரைக் கொண்ட சிற்றாற்றின் கரையில் 1868 இல் சுரங்க வேலை தொடங்கியது. முதலில் வந்த தொழிலாளர்களிற் பலர் வீடு கட்டவில்லை. ஓடைக்கரையின் மண்ணைக் குடைந்து அக்குழிகளிலேயே குடியிருந்தனர். பகலில் நிலத்தின் கீழ் நிலக்கரி வெட்டியவர்கள் இரவிலும் நிலத்தின் கீழேயே உறங்கினர்.

அழைப்பின் பின்னணி

முதலில் வந்தோர் பெரும்பாலும் பிரித்தானியத் தீவுகளைச் சேர்ந்தவர்களும் ஸ்கண்டிநேவியருமாவர். 1875 இல் கூலி பற்றிய தகராறு வேலைநிறுத்தமாக முற்றியது. கம்பனி அதனை எதிர்கொண்ட முறையே இந்நகரின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது எனின் மிகையாகாது. படையினரின் பாதுகாப்புடன் ஏறத்தாழ 150 சீனத் தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். முன்பு வேலை செய்த வெள்ளைத் தொழிலாளரில் 50 பேரளவிலேயே மீண்டும் சேர்க்கப்பட்டனர்.

அச்சீனர் ஏன் வரச் சம்மதித்தனர்? அமெரிக்க மேற்கின் சீனத் தொழிலாளர் பெரும்பாலும் தென்சீனாவின் குவாங்டொங் மாகாணத்து உழவர் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். 1869 இல் கண்டம் கடந்த புகையிரதப் பாதை நிறைவடைந்ததும், அதனை அமைத்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1873 இன் பொருளாதார நெருக்கடி நிலைமையை மேலும் மோசமாக்கிற்று. கலிபோர்ணியாவில் சீனருக்கெதிரான இயக்கம் வளர்ந்துகொண்டிருந்தது. ஊரில் பணத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் ஒருபுறம், வேலை தர மறுக்கும் நகரங்கள் மறுபுறம் என்றிருந்தவனுக்கு, ஒப்பந்தக்காரர் காட்டிய காற்று வீசும் சுரங்கவூர் ஒரு தெரிவாகத் தோன்றியதில் வியப்பில்லை. தன்னைக் கொண்டு மற்றொருவனின் வேலைநிறுத்தம் முறியடிக்கப்படுகின்றது என்பதை எடைபோடும் வசதி அவனுக்கு இருக்கவில்லை. ஆயினும் வேலையிழந்தவனின் கண்ணுக்குக் கம்பனி தெரியவில்லை. தன் இடத்தில் நின்றவனே தெரிந்தான்.

1882 இல் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. 1885 அளவில் றொக் ஸ்பிறிங்ஸ் சுரங்கங்களில் ஏறத்தாழ 330 சீனரும் 150 வெள்ளையரும் வேலை செய்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 2 ஆந் திகதி காலை, 6 ஆம் இலக்கச் சுரங்கத்தில் ஓரிடத்தில் நிலக்கரி வெட்டும் உரிமை யாருக்கு என்பதில் கைகலப்பு மூண்டது. பிற்பகலில் ஆயுதந் தாங்கிய கூட்டமொன்று சீனர் குடியிருப்பைச் சூழ்ந்து தாக்கியது. குறைந்தது 28 சீனர் கொல்லப்பட்டனர். 15 பேர் காயமுற்றனர். எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் தீக்கிரையாயின. உயிர் தப்பியோர் குன்றுகளுக்குள் ஓடினர். அவர்களிற் பலர் பின்னர் புகையிரதத்தில் ஏற்றப்பட்டு, மேற்கிலுள்ள எவன்ஸ்ரன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

திரும்பிப் போகும் உரிமை

படுகொலையைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அதனைத் தொடர்ந்த ஒருவாரம் பற்றி எழுதப்படவில்லை. குடிபெயர்வு பற்றிய நமது வினாவுக்கோ அவ்வொருவாரமே முக்கியமானது. எவன்ஸ்ரனில் கூடிய சீனர் தமக்குச் சேரவேண்டிய கூலியையும், அப்பிரதேசத்தை விட்டுச் செல்லப் புகையிரதப் பயண அனுமதியையும் கேட்டனர். இரண்டும் மறுக்கப்பட்டன. செப்டெம்பர் 9 ஆந் திகதி அவர்கள் சன் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்படுவதாக நம்பி புகையிரதத்தில் ஏறினர். வண்டியோ மேற்கு நோக்கிச் செல்லவில்லை. கிழக்கு நோக்கி, படையினரின் துணையுடன் றொக் ஸ்பிறிங்ஸை நோக்கியே சென்றது. இறங்கியவர்கள் கண்டது எரிந்த குடியிருப்பின் சாம்பலையும், முழுமையாகப் புதைக்கப்படாத தம்மவரின் உடல்களையுமே. வேலைக்குத் திரும்பாதோர் நீக்கப்படுவர் என்றும், யூனியன் பசுபிக் கம்பனியின் வேறெந்த இடத்திலும் அவர்களுக்கு வேலையில்லை என்றும் அறிவிக்கப்பட்டது. சிலர் எப்படியோ வெளியேறினர். பெரும்பாலோர் மீண்டும் சுரங்கத்துக்குள் இறங்கினர்.

கைதான 16 பேரில் ஒருவர்மீதும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யப்படவில்லை. அமெரிக்க அரசு பின்னர் ஏறத்தாழ 1,47,000 டொலரைச் சீன அரசுக்கு இழப்பீடாக வழங்கிற்று. சீனரைக் காக்கவென அமைக்கப்பட்ட படைமுகாம் 1899 வரை அங்கிருந்தது. அப்படை தொழிலாளரைக் காத்ததா, நிலக்கரி தடையின்றிக் கிடைப்பதைக் காத்ததா என்ற வினா வரலாற்று மாணவர் முன் இன்றும் நிற்கின்றது.

இங்கே ஓர் உண்மை தெளிவாகின்றது. 1875 இல் வந்த சீனர் ஒருவகையில் தாமே முடிவெடுத்து வந்தனர். 1885 இல் திரும்பியோர் முடிவெடுக்கவில்லை. பயணச்சீட்டும் கூலியும் கம்பனியின் கையிலிருந்தமையால் முடிவும் கம்பனியுடையதாயிற்று. ஓர் ஊருக்குப் போகும் சுதந்திரம், அங்கிருந்து திரும்பும் சுதந்திரத்தாலேயே அளக்கப்படவேண்டும்.

சங்கமும் சமூகமும்

1885 இற்குப் பின்னர் கம்பனி பல நாடுகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தது. பின்லாந்தினர், சுலோவீனியர், இத்தாலியர், யப்பானியர் எனப் பலரும் வந்தனர். ஐம்பத்தாறு இனத்தவரின் இல்லம் என்று நகரம் தன்னைக் குறிப்பிடும் நிலை உருவாயிற்று. வெவ்வேறு மொழி பேசுவோரைக் கலந்து வைத்தால் அவர்கள் எளிதில் ஒன்றுசேரார் என்பது அக்காலச் சுரங்க முதலாளிகளிடையே பரவலாக இருந்த எண்ணம்.

அவ்வெண்ணம் 1907 இல் பொய்த்தது. ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம் தென் வயோமிங் சுரங்கங்களில் வேரூன்றியபோது, யப்பானியத் தொழிலாளரும் எஞ்சியிருந்த சீனத் தொழிலாளரும் அதில் உறுப்பினராக ஏற்றுக்கொள்ளப்பட்டனர். ஆசியரை விலக்கிவைப்பதே அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் பொதுவான கொள்கையாக இருந்த காலத்தில் இது விதிவிலக்காகும். இதற்குக் கருணை மட்டுமே காரணமன்று. ஒரு பகுதியினரை வெளியே நிறுத்தினால் அடுத்த வேலைநிறுத்தத்தில் அவர்களைக் கொண்டே தாம் வீழ்த்தப்படுவர் என்பதை 1875 கற்பித்திருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இரத்தஞ் சிந்திய ஊரிலேயே அப்பாடம் கற்கப்பட்டமை கவனத்துக்குரியது. சங்கமும், ஒவ்வொரு இனத்தவரும் அமைத்த மன்றங்களும் தோன்றிய பின்னரே, தற்காலிகமாக வந்தோர் அவ்வூரில் நிலைபெறலாயினர். காற்று மாறவில்லை, அதனைத் தாங்குவதற்கு அயலவர் இருந்தனர்.

1950 களில் புகையிரத இயந்திரங்கள் டீசலுக்கு மாறியதும் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒரு தலைமுறை உழைத்து அமைத்த அயல் கலைந்தது. நகரத்தின் கீழே கைவிடப்பட்ட சுரங்கவழிகள் எஞ்சின. அவற்றின் மேல் நின்ற வீடுகள் சில பின்னாளில் நிலம் அமிழ்ந்து வெடிப்புற்றன.

எழுபதுகளின் பெருக்கம்

1970 இன் குடிசனமதிப்பில் றொக் ஸ்பிறிங்ஸ் அமைந்துள்ள ஸ்வீற்வாட்டர் மாவட்டத்தின் சனத்தொகை 18,391. அதன்பின் நகருக்குக் கிழக்கே ஜிம் பிறிட்ஜர் அனல்மின் நிலையத்தின் கட்டுமானம், சோடாக் கனியமான துரோணாச் சுரங்கங்களின் விரிவு, 1973 இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை ஒருங்கே வந்தன. 1974 இல் சனத்தொகை ஏறத்தாழ 37,000 ஆயிற்று. நான்கு ஆண்டுகளில் இருமடங்கு! வீடுகளும் பாடசாலைகளும் வைத்தியர்களும் அவ்வேகத்திற் பெருகவில்லை. வந்த குடும்பங்களிற் பல நகர்விற்கு வெளியே, வெட்டவெளியில் நிறுத்தப்பட்ட இழுவை வீடுகளில் குடியேறின. தகரச் சுவரில் காற்று இரவு முழுதும் மோதும் அவ்வீடுகளுக்கு மரமுமில்லை, நடைபாதையுமில்லை.

அங்கு செல்லலாமா என்று 1973 இல் சிந்தித்த ஒரு தொழிலாளியின் கணக்கை ஊகிப்பது கடினமன்று. கூலி மற்ற இடங்களைவிட அதிகம். சில ஆண்டுகள் பொறுத்தால் கடன் தீரும். ஆனால் அக்கணக்கில் வீட்டு வாடகையின் ஏற்றம் சேரவில்லை. பகல் முழுவதும் இழுவை வீட்டினுள் குழந்தைகளுடன் தனித்திருக்கவேண்டிய மனைவியின் நாட்கள் சேரவில்லை. வேலை கணவனுக்கும் காற்று மனைவிக்குமாகப் பங்கிடப்பட்டது என்றே சொல்லவேண்டும். அதே மாநிலத்தின் வடகிழக்கிலுள்ள ஜில்லெற் நகரை ஆராய்ந்த உளவியலாளர் எல்டீன் கோர்ஸ் 1974 இல் குடிப்பழக்கம், மனச்சோர்வு, மணமுறிவு முதலியன அங்கு பெருகியதை எடுத்துக்காட்டினார். இத்தகைய ஆய்வுகளின் சான்றுகள் போதாதவை எனச் சமூகவியலாளர் சிலர் 1982 இல் மறுத்தமையும் நினைவுகொள்ளத்தக்கது. எல்லாக் குடும்பங்களும் சிதைந்தன எனக் கூறுதல் பொருந்தாது. வேரூன்றி நிலைத்தோரும் உளர்.

ஆனால் ஒன்றில் ஐயமில்லை. பலர் வந்த வேகத்திலேயே திரும்பினர். இம்மாவட்டத்தை ஆராய்ந்த ஜோன் கில்மோர் 1970 களின் நடுப்பகுதியில் வெளியிட்ட முடிவு கருத்தூன்றி நோக்கற்பாலது. வாழ்க்கைத் தரம் தாழ்ந்தமையால் தொழிலாளர் நிலைத்து நிற்கவில்லை; அவர்கள் நில்லாமையால் சுரங்கங்களின் உற்பத்தித்திறன் வீழ்ந்தது; அதனால் மேலும் ஆட்கள் தேவைப்பட்டனர்; அவர்கள் வரவே நகரின் நிலை மேலும் தாழ்ந்தது. வேறுவகையிற் சொன்னால், 1885 இல் வெளியேற முடியாதவர்களின் உழைப்பால் நடந்த தொழில், 1974 இல் வெளியேறக்கூடியவர்களால் தடுமாறிற்று. வீட்டுக்கும் பாடசாலைக்கும் செலவிடுவது தம் பொறுப்பன்று எனக் கருதிய கம்பனிகளை அதுபற்றிச் சிந்திக்கவைத்ததில், தொழிலாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டமைக்கும் பங்குண்டு.

முடிவுரை

2020 இன் குடிசனமதிப்பில் றொக் ஸ்பிறிங்ஸின் சனத்தொகை 23,000 ஐச் சற்றுத் தாண்டியிருந்தது. ஜிம் பிறிட்ஜர் நிலையத்தின் நான்கு அலகுகளில் இரண்டு 2024 இல் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாற்றப்பட்டன. முன்பு குடியேறியோரை விரட்டிய காற்று இப்பொழுது தென் வயோமிங்கில் மின்சாரமாக விற்கப்படுகின்றது. அதற்கும் ஆட்கள் அழைக்கப்படுகின்றனர். அதே வினா மீண்டும் எழுகின்றது.

அவ்வினாவுக்கு வரலாறு ஒற்றை விடை தருவதில்லை. ஆனால் எவற்றைக் கேட்கவேண்டுமென்று அது கற்பிக்கின்றது. கூலி எவ்வளவு என்பதோடு, யாருடைய இடத்தில் நாம் நிறுத்தப்படுகின்றோம், வீடு யார் கையில் உள்ளது, உடன் வருவோரின் நாட்கள் எவ்வாறு கழியும், அயலென ஒன்று அங்குண்டா எனவும் கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாமென்று தோன்றும் நாளில் திரும்புவதற்கான வழி நம் கையில் இருக்குமா என்பதைக் கேட்கவேண்டும். எவன்ஸ்ரனில் புகையிரதமேறிய சீனத் தொழிலாளருக்கு இக்கடைசி வினாவைக் கேட்கும் வாய்ப்பே இருக்கவில்லை. அவ்வாய்ப்பு உள்ளவனே உண்மையில் முடிவெடுக்கின்றான், மற்றவனுக்காக முடிவெடுக்கப்படுகின்றது.