பாதரசக் குழாய் பெற்ற பிள்ளை

புக்கிட் செலம்பாவ் பக்கம் பழைய காடிக்கு டர்போ ஏற்ற நினைப்பவர்கள், இஞ்சினுக்கு எவ்வளவு செலவாகும் என்றுதான் முதலில் கேட்பார்கள். இஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டின் மேல், அதன் உள்ளழுத்தத்தை அளந்தபடி தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு ‘மேப் சென்சர்’ அப்போது நினைவுக்கே வராது. பெட்ரோல் எண்ணெய் எவ்வளவு ஊற்றுவது என்று கம்ப்யூட்டர் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது.

அதன் மூதாதை 1643இல் இத்தாலியின் டாரிசெல்லி செய்த பாதரசக் குழாய். காற்றுக்கும் எடை உண்டு என்பதை 76 செ.மீ. பாதரசம் காட்டியது. இரு நூற்றாண்டு கழித்து, பிரெஞ்சுக்காரர் லூசியன் வீடி பாதரசத்தையே ஒதுக்கினார். காற்றை உறிஞ்சி மூடிய மெல்லிய உலோகப் பெட்டி, வெளியழுத்தம் கூடக்குறைய அமுங்கி விரிந்தது. 1967இல் பாஷ் நிறுவனம் அதே பெட்டியைக் காருக்குள் வைத்தது. ஃபோக்ஸ்வாகன் 1600இல் வந்த ‘டி-ஜெட்ரானிக்’கின் ‘டி’, அழுத்தத்தைக் குறிக்கும் ‘ட்ருக்’ என்ற ஜெர்மன் சொல். பெட்டி அசைய, கம்பிச்சுருளுக்குள் இரும்புத்துண்டு நகரும். எண்ணெய் பீய்ச்சும் நேரம் மாறும்.

சிலிக்கானை வளைத்தால் அதன் மின்தடை மாறும் என்று பெல் ஆய்வகத்தின் சார்லஸ் ஸ்மித் 1954இலேயே கண்டிருந்தார். பின்னாளில் உலோகப் பெட்டியின் இடத்துக்கு மெல்லிய சிலிக்கான் தகடு வந்தது. இன்றைய மேப் சென்சரில் பெரும்பாலும் மூன்றே கம்பிகள்: 5 வோல்ட், எர்த், சிக்னல்.

டர்போ இல்லாத இஞ்சின் சும்மா ஓடும்போது மேனிஃபோல்டில் 30, 40 கிலோபாஸ்கல் இருக்கும். மிதியை முழுக்க அழுத்தினால் 100ஐ நெருங்கும். கம்பெனி சென்சரும் அதற்குச் சற்று மேலே வரைதான் அளக்கும். டர்போ அந்த 100க்கு மேல் 0.8 பார் தள்ளினால் உள்ளே 180 கிலோபாஸ்கல். சென்சரோ தன் உச்சியிலேயே நின்றுவிடும். கம்ப்யூட்டர் 100க்குரிய எண்ணெயைத்தான் ஊற்றும். காற்று மிகுந்து, எண்ணெய் குறைந்து, இஞ்சின் தட்டும். கடைசியில் பிஸ்டன் போகும். அதனால்தான் ‘டூ பார்’, ‘த்ரீ பார்’ சென்சர் தேவை. அதை மாட்டினால் மட்டும் போதாது. கம்ப்யூட்டரிலும் புது அளவுகோலைப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் அதே வோல்டேஜுக்குத் தப்பான அழுத்தத்தைப் படிக்கும்.

சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரைப் பாருங்கள். அப்போது மேப் சென்சர் வெறும் காற்றழுத்தமானிதான். புக்கிட் செலம்பாவில் 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை உச்சியில் என்றால் 88 அளவில். அப்படிக் காட்டவில்லையென்றால் டர்போவுக்கு வைத்த பணத்தைத் தொடாதீர்கள். முதலில் சென்சரையும் கம்பியையும் பாருங்கள்.