மலிவுக் கருவிகள்: வீட்டுக்கு எது போதும், எதில் சிக்கனம் கூடாது?

புது வீவக வீட்டுக்குச் சாவி கிடைத்ததும் வரும் முதல் வேலைகளில் சாமிப் படம் மாட்டுவதும் திரைச்சீலைக் கம்பி பொருத்துவதும் கட்டாயம் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஆள் கூப்பிட்டால் செலவு கூடும். சொந்தமாகச் செய்யலாம் என்றால் கருவி வேண்டும். சையது ஆல்வி ரோட்டில் உள்ள முஸ்தஃபா சென்டரிலும் ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளிலும் ஒரே வகைக் கருவி பல விலைகளில் கிடைக்கிறது. 2 வெள்ளிக் கடை என்று பெயரெடுத்த டைசோவிலும் கருவிகள் உண்டு. விலை குறைந்தது வீட்டு வேலைக்குப் போதுமா?

பெரும்பாலானவற்றுக்குப் போதும். தச்சரும் மின்பணியாளரும் நாள் முழுவதும் பயன்படுத்தும் கருவியை வீட்டில் ஆண்டுக்குச் சில முறைதான் எடுக்கிறோம். அதனால், எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைவிட, பாதியில் கைவிட்டால் என்ன ஆகும் என்பதே முக்கியம். வேலை மட்டும் நின்றுபோனால் மலிவுக் கருவி போதும். உடலுக்குக் காயம் ஏற்படும் என்றால் அதில் சிக்கனம் கூடாது.

மலிவாக வாங்கலாம்

அளவு நாடா, ரசமட்டம், குறடு, சிறு ரம்பம் போன்றவற்றைக் குறைந்த விலையில் வாங்கலாம். சுத்தியலில் மட்டும், தலை காம்போடு இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஓங்கும்போது தலை கழன்று பறக்கக்கூடும்.

திருப்புளியில் சற்றுக் கவனம் தேவை. மென்மையான எஃகில் செய்த முனை சீக்கிரம் தேய்ந்து, திருகாணியின் தலையையும் சிதைத்துவிடும். குரோம் வனேடியம் எஃகு என்று குறிப்பிடப்பட்டிருப்பது நல்லது. பல நேரங்களில் குறை கருவியில் இல்லை, பொருந்தாத முனையில் இருக்கிறது. சிலுவை வடிவ முனையிலேயே பிலிப்ஸ், போசிடிரைவ் என இரு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மாற்றிப் போட்டால் வழுக்கும்.

சுவரைப் பொறுத்தது டிரில்

வீவக வீடுகளில் பல சுவர்கள் கான்கிரீட்டால் ஆனவை. மின்கலத்தில் இயங்கும் சிறிய, விலை குறைந்த டிரில் மரத்தைத் துளைக்கும், அலமாரி பூட்டவும் உதவும். ஆனால் கான்கிரீட்டில் திணறும். அதற்குச் சுழன்றபடியே தட்டும் ‘ஹாம்மர் டிரில்’ வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு நுனி கொண்ட சுவர் ‘பிட்’டும் வேண்டும். நடுத்தர டிரிலில் நல்ல பிட்டைப் போட்டால் வேலை முடியும். விலை உயர்ந்த டிரிலிலும் தேய்ந்த பிட் பயன்படாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் துளையிடக் கூடாது.

பலரும் ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்லும் வீட்டுப் பாதுகாப்பறைக்குத் தனி விதிகள் உண்டு. அதன் இரும்புக் கதவில் துளையிடக் கூடாது. சுவரில் போடும் துளை 50 மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டக் கூடாது. துளையிடும் முன் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மின்சாரத்தில் பேரம் வேண்டாம்

மூன்று முனை பிளக், பல பிளக்குகளைச் செருகும் அடாப்டர் போன்றவை சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள். ‘சேஃப்டி மார்க்’ முத்திரை இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கும் பொருளில் அந்த முத்திரை இல்லாமல் போகலாம்.

ஊருக்குப் போய்வரும்போது டிரில், கிரைண்டர் வாங்கி வருவோர் உண்டு. இரு நாடுகளிலும் மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் கருவி ஓடும். ஆனால் இந்திய பிளக்கின் உருண்டை முனைகள் இங்குள்ள செவ்வகத் துளைகளில் சேராது. தரமற்ற அடாப்டரில் தொளதொளவென்று செருகினால் இணைப்பு சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

ஒயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் ‘டெஸ்ட் பென்’னையும் நம்பகமான கடையில் வாங்குங்கள். அது எரியாததை மட்டும் நம்பி ஒயரில் கைவைக்கக் கூடாது. வீட்டு ஒயரிங் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருக்கு உரியது.

ஏணியும் அப்படித்தான். நம் எடையைத் தாங்கும் பொருள் என்பதால், எத்தனை கிலோ தாங்கும் என்று குறிக்கப்பட்டிருப்பதையே வாங்க வேண்டும்.

பழையதும் இரவலும்

1930களில் தொடங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. பழைய பொருள்களைக் குறைந்த விலைக்குப் பார்த்து வாங்க அது நல்ல இடமாக இருந்தது. இப்போது அந்த வியாபாரம் பெரும்பாலும் கைப்பேசியில் நடக்கிறது. பழைய சுத்தியலையும் ஸ்பேனரையும் தயங்காமல் வாங்கலாம். மின்கருவி என்றால் ஒயரையும் பிளக்கையும் நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஒரே ஒரு துளைக்காக டிரில் வாங்குவதைவிட அண்டைவீட்டாரிடம் இரவல் கேட்பது லாபம். பழுதான பொருளைத் தூக்கிப்போடும் முன், 2014ல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ பற்றியும் விசாரிக்கலாம். அங்கு தொண்டூழியர்கள் பழுதுபார்க்கக் கற்றுத் தருகிறார்கள்.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த ‘லெமன் லா’ சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ பயனீட்டாளர் கேட்கலாம். மலிவுப் பொருளுக்கும் இது பொருந்தும். தனிநபரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸை நாடலாம்.

முதல் கருவிப் பெட்டிக்குச் சுத்தியல், இரண்டு மூன்று திருப்புளி, குறடு, அளவு நாடா ஆகியவை போதும். அவற்றில் மிச்சமாகும் வெள்ளியை நல்ல ஏணிக்கும் முத்திரை பதித்த அடாப்டருக்கும் ஒதுக்குங்கள்.