கடல் விட்டுட்டுப் போன துறைமுகத்துக்கு மியூசியம் எங்கே கட்டுறது?

குஜராத்ல லோத்தல்ல தேசிய கடல்சார் பாரம்பரிய வளாகம்னு பெருசா ஒண்ணு எழும்பிட்டு இருக்கு. அதைப் பத்தி பேச்சு வந்தாலே நம்ம பக்கம் ஒரு கேள்வி வரும்: “அப்ப நம்ம கொற்கைக்கு?” நியாயமான கேள்விதான். ஆனா கொற்கையில தண்ணியோரமா ஒரு மியூசியம் டிசைன் பண்ணணும்னா முதல் சிக்கலே, அந்தத் தண்ணி இப்ப எங்கே இருக்குங்கிறதுதான்.

கி.பி. முதல் நூற்றாண்டுல கிரேக்க மொழியில எழுதப்பட்ட பெரிப்ளஸ்ங்கிற கடல்வழிக் குறிப்புல கொற்கை வருது. அங்கே முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினாங்கன்னு எழுதியிருக்கு. பாண்டியர்களோட துறைமுகம் அது. இன்னைக்கு ஏரல் வழியா கொற்கைக்குப் போனீங்கன்னா வயல், வாழை, ஒரு பெரிய குளம், குளக்கரையில ஒரு அம்மன் கோயில், அவ்வளவுதான். கடல் சுமார் ஆறு கிலோமீட்டர் கிழக்கே இருக்கு.

காரணம் தாமிரபரணி. நூற்றாண்டு நூற்றாண்டா வண்டலைக் கொண்டுவந்து கொட்டி, கரையையே கிழக்கே தள்ளிடுச்சு. எங்க ராயகிரிக்குத் தெற்கே குற்றாலத்துல விழுற சிற்றாறும் சீவலப்பேரியில தாமிரபரணியோடதான் சேருது. அதனால கொற்கையைக் கடல்கிட்ட இருந்து பிரிச்ச மண்ணுல எங்க தென்காசி மாவட்டத்துக்கும் பங்கு உண்டு!

துறைமுகம் சும்மா இருக்குமா? அதுவும் கடல் பின்னாடியே நகர்ந்துச்சு. கொற்கை தூர்ந்தப்புறம் காயல் வந்தது. 13ஆம் நூற்றாண்டு முடிவுல மார்க்கோ போலோ எழுதுற ‘காயில்’ அதுதான். இப்ப அதுக்குப் பேரு பழையகாயல், அதுவும் கரையை விட்டு உள்ளே தள்ளி நிக்குது. 16ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசியர் புன்னைக்காயல்ல இருந்தாங்க. அப்புறம் தூத்துக்குடி. 1870கள்ல கால்டுவெல் கொற்கையிலயும் காயல்லயும் தோண்டிப் பார்த்து, இந்த நகர்வைத்தான் எழுதினாரு. பிறகு 1968-69ல தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில அகழாய்வு பண்ணுச்சு. அதுல கிடைச்ச கரிக்கு கி.மு. 785ன்னு கார்பன் தேதி வந்தது. 2021ல மறுபடியும் தோண்டினாங்க.

சரி, கட்டடத்துக்கு வருவோம். கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர் மூணுக்கும் சேர்த்து பொருநை அருங்காட்சியகத்தை 2025 டிசம்பர்ல திறந்தாங்க. 13 ஏக்கர். ஆனா இடம் திருநெல்வேலி ரெட்டியார்பட்டி மலைச்சரிவு. கொற்கையிலிருந்து ரோட்டுல நாற்பது கிலோமீட்டருக்கு மேல. ‘ஆத்துப் பேரை வெச்சுட்டு மலையில கட்டியிருக்காங்களே’ன்னு கிண்டல் பண்ணலாம். நான் பண்ண மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலோட பயணிகள் மாட்டிக்கிட்டாங்க. ஆறு ஊருக்குள்ள வந்துடுச்சு. அந்த ராத்திரி ஆத்தங்கரையில ஒரு மியூசியம் இருந்து, மூவாயிரம் வருஷத்துப் பானைங்க கீழ்த்தளத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?

கடலோரத்துக்கும் இதே கதைதான், திசை மட்டும் தலைகீழ். தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க 1620ல கட்ட ஆரம்பிச்ச கோட்டையில இப்ப மியூசியம் இருக்கு. பக்கத்துல பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலோட முன்பகுதியைக் கடல் தின்னுடுச்சு. இங்கே கடல் விலகிப் போச்சு, அங்கே ஏறி வருது.

அடுத்தது ஏசி. சஸ்டைனபிள்னு சொன்னதும் எல்லாரும் கூரையில சோலார் பேனல் வரைஞ்சுடுவாங்க. அதுக்கு முன்னாடி கேட்கவேண்டியது, உள்ளே இருக்கிற பொருளுக்கு என்ன வேணும்னு. ஸ்டாக்ஹோம்ல வாசாங்கிற கப்பல் 1628ல மூழ்கி, 1961ல வெளியே எடுத்தது. 2000ல மழைக்காலக் கூட்டம் ஈரத் துணியோட உள்ளே வந்ததுல ஈரப்பதம் ஏறி, மரத்துல அமில உப்பு பூக்க ஆரம்பிச்சது. அப்புறம் அந்த ஒரு கப்பலுக்காகவே பெரிய குளிர்சாதன அமைப்பு போட்டாங்க. மரம், இரும்புன்னா அந்தச் செலவு தவிர்க்க முடியாது.

ஆனா கொற்கையில கிடைச்சது பெரும்பாலும் பானை ஓடு, செங்கல், சங்கு. ஓட்டுல ஊறியிருக்கிற உப்பை முதல்லயே நல்ல தண்ணியில போட்டு எடுத்துட்டா, காத்தோட்டமான கூடமே போதும். சங்குக்கு வேற தொல்லை. அழகா இருக்கேன்னு மரப்பெட்டிக்குள்ள வெச்சா, மரத்திலிருந்து வர்ற அமில ஆவி பட்டு வெள்ளையாப் பொடி பூத்துடும். கண்ணாடியும் உலோகமும் போதும். கீழடியில 2023ல திறந்த மியூசியம் செட்டிநாட்டு வீடு மாதிரி முற்றம் விட்டுக் கட்டினது. அந்த வழி இங்கேயும் பொருந்தும். ஏசி, ஒரே ஒரு சின்ன அறைக்கு மட்டும்.

என்னோட டிசைன் இதுதான். விலைமதிக்க முடியாத பொருளெல்லாம் ரெட்டியார்பட்டி மேட்டுலயே பத்திரமா இருக்கட்டும். கொற்கைக் குளக்கரையில தூண் மேல நிக்கிற ஒரு சின்னக் கூடம். உள்ளே நகல்கள், வெள்ளம் வந்தா கழுவி விட்டுக்கலாம். அங்கேயிருந்து பழையகாயல், புன்னைக்காயல், தூத்துக்குடி தோணித்துறை வரைக்கும் ஒரு பாதை. எந்த நூற்றாண்டுல கரை எங்கே இருந்துச்சுன்னு வழிநெடுக கல் நட்டு வைக்கணும். சைக்கிள்ல அரை நாள் ஆகும். கடைசிக் கல்லை மட்டும் கான்கிரீட் போட்டு நிறுத்தக் கூடாது, கழட்டி நகர்த்துற மாதிரி வைக்கணும்.