புரவியின் நோவும் மருந்தில்லா மருத்துவமும்

குதிரையைப் பாடினோர் அதன் வேகத்தைப் பாடினர்; வரலாறு எழுதினோர் அது ஈட்டித் தந்த வெற்றிகளை எழுதினர். அது பட்ட நோவை எழுதினோர் சிலரே. அடிபட்ட நாய் ஊளையிடும். குதிரையோ காலில் கடுநோவு இருப்பினும் பெரும்பாலும் ஓசையின்றி நிற்கும். கொடுவிலங்குகளுக்கு இரையாகும் இனமாதலின், தளர்ச்சியை மறைத்தல் அதன் இயல்பு. ஆகவே, அதன் வலியைத் தணித்த வரலாறு, முதலில் அவ்வலியை மனிதன் கண்டுகொண்ட வரலாறே ஆகும்.

நம் நாட்டில் இவ்வுணர்வு பழமையானது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி அமைத்ததைப் பொறித்தார். அதில் சோழ, பாண்டிய நாடுகளின் பெயரும் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குதிரைகளை நாள்தோறும் இருமுறை நீராட்டிச் சந்தனம் பூசச் சொல்கிறது. தவறான சிகிச்சையால் குதிரை இறப்பின் அதன் விலையையே மருத்துவன் தண்டமாகக் கட்ட வேண்டும் என்கிறது. பிணியாலும் முதுமையாலும் போருக்கு உதவாத குதிரைக்கும் அது உணவு வகுத்தது. குதிரை மருத்துவத்தின் முதல்வராகப் போற்றப்படுபவர் சாலிஹோத்திரர். வடநாட்டில் வாழும் நம்மவர் செவியில் விழுந்திருக்கக்கூடிய ‘சாலோத்ரி’ என்னும் சொல் அவர் பெயரின் திரிபே.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் ஆண்டுதோறும் வந்திறங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை பராமரிப்பு அறியாமையால் மடிந்தன என்று எழுதினார். குதிரை மருத்துவர் இங்கு வராதபடி வணிகரே தடுத்தனராம். பழையது மாண்டால்தானே புதியது விலைபோகும்! பொன்னைக் கொட்டி வாங்கியவர்கள் அறிவை வாங்கவில்லை.

அவ்வறிவு எளியதே. வீங்கிய காலைக் குளிர்ந்த ஓடைநீரில் நிறுத்துதல், ஓய்வளித்தல், தசையைக் கையால் தேய்த்தல், வளர்ந்த குளம்பைச் சீராக வெட்டுதல் ஆகியவை தலைமுறை தலைமுறையாகக் குதிரைக்காரர் கையாண்ட முறைகள். எனினும் பழையன அனைத்தும் நல்லன அல்ல. நொண்டும் காலில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடிடும் வழக்கமும் பல நாடுகளில் நெடுங்காலம் மருத்துவம் என்றே நிலவியது.

இவற்றுள் பதர் எது, மணி எது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் பிரித்துக் காட்டின. 1983-இல் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, சூடிடுதலால் தசைநாண் குணமாவதில்லை என்று காட்டியது. மாறாக, குளிர்நீரின் பெருமை உயர்ந்தது. குளம்பின் உட்புறத் தகடுகள் அழன்று, குதிரையை நிற்கவும் விடாது வருத்தும் கொடுநோய் ஒன்று உண்டு. 2004-இல் குவின்ஸ்லாந்து ஆய்வாளர்கள் ஒரு முன்னங்காலைப் பனிநீரில் வைத்து மற்றொன்றை வாளாவிட்டுப் பார்த்தனர்; குளிர்ந்த காலில் அந்நோயின் சேதம் மிகக் குறைந்திருந்தது. கையின் ஆற்றலும் மெய்யாயிற்று. கழுத்தடியில் தடவிக் கொடுத்தால் குதிரையின் நெஞ்சுத் துடிப்புத் தணிவதை 1993-இல் வெளியான ஆய்வொன்று அளந்து கூறியது. ஆயினும் எலும்பு முறிவு, குடல்நோவு போன்றவற்றில் மருத்துவரும் மருந்தும் இன்றியமையாதன. கைவைத்தியம் அவற்றுக்கு ஈடாகாது.

யாவற்றினும் சிறந்த முயற்சி 2014-இல் வெளியானது. பின்னோக்கி விறைத்த செவி, சுருங்கிய கண், இறுகிய தாடை, விறைத்த மூக்குத் துளை முதலிய குறிகளைக் கொண்டு குதிரையின் முகத்திலிருந்தே வலியை அளக்கும் முறை வகுக்கப்பட்டது. வாய்திறந்து சொல்லாத உயிரின் முகம் சொல்லுகிறது என்பதை அறிவியல் ஒப்புக்கொண்ட செய்தி இது.

நீரும் கையும் ஓய்வும் எந்நாளும் எளிதிற் கிடைப்பவை. பாண்டிய நாட்டு இலாயங்களிலும் அவற்றுக்குக் குறைவிருந்திராது. அங்கே இல்லாமற் போனது, உயிர் வருந்துவதைக் கண்டறியும் கண் ஒன்றே. அக்கண் இல்லாத இடத்தில் எம்மருந்தும் பயன் தராது.